அது நாம சாப்பிடுறதில்ல!

"அக்கா, ரத்தம் ஒண்ணு. இட்லி நாலு. கொழம்பு தூக்குல ஊத்திருங்க."

மதுரை கீழவாசல் பக்கம் ஒரு சந்து. ஞாயிறு காலை ஏழு மணி. சொன்ன பையனுக்குப் பத்து வயது இருக்கும். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் கசங்கிய நூறு ரூபாய். அக்காவும் தலை நிமிராமல் வாணலியைக் கிளறியபடியே, "ஆத்தாவுக்கா? காரம் கம்மியா வைக்கவா?" என்றார். என்னோடு நின்ற லக்னோ நண்பன், பையன் என்ன கேட்டான் என்று விசாரித்தான். மொழிபெயர்த்துச் சொன்னேன். இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

இவன் சாதாரண ஆள் இல்லை. விடிகாலையில் நிஹாரி கடை வாசலில் வரிசையில் நிற்பவன். ஆட்டு மூளையைத் தவாவில் கொத்தி, நாக்கை வறுத்து, காலை நாள் முழுக்கக் கொதிக்கவைத்துக் குடித்து வளர்ந்தவன். ஆனால், ரத்தம் அவன் மார்க்கத்தில் விலக்கு. முகம் சுளிக்கவில்லை. "நீ சாப்பிடு, நான் டீ குடிக்கிறேன்" என்று நாகரிகமாக நகர்ந்துவிட்டான். அவனுக்கான எல்லை எங்கே என்று அவனுக்குத் தெரியும், ஏன் என்றும் தெரியும். நம்மில் பலருக்கு இரண்டாவது தெரியாது.

ரத்தப் பொரியலில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆட்டு ரத்தத்தை உப்புப் போட்டுப் பிடித்து வைத்தால் கட்டியாக உறையும். அதைக் கொதிநீரில் வேகவைத்து எடுத்தால் ஈரல் போல இறுகிவிடும். கையால் உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சீரகம் தாளித்த வாணலியில் போட்டுப் பிரட்டி, கடைசியில் கைநிறையத் தேங்காய்த் துருவல். கறுத்த புட்டு போல இருக்கும். ஈரலுக்கும் முட்டைப் பொரியலுக்கும் நடுவில் ஒரு ருசி. ஒரே நிபந்தனை, சூடாகத் தின்றுவிட வேண்டும். ஆறினால் இரும்பு வாடை மேலே வந்துவிடும்.

இதே ரத்தத்தை ஓட்ஸும் கொழுப்பும் சேர்த்துக் குடலில் அடைத்து வேகவைத்தால் இங்கிலாந்தில் அதன் பெயர் பிளாக் புட்டிங். ஸ்பெயினில் மோர்சியா. கொரியாவில் சேமியாவோடு சேர்த்து அடைப்பார்கள், அது சுண்டே. பின்லாந்தில் ரத்தத்தில் மாவு கரைத்துத் தோசையே வார்க்கிறார்கள். நட்சத்திர ஓட்டலின் 'இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட்' தட்டில் பிளாக் புட்டிங் வந்தால் போட்டோ எடுத்துப் போடுகிற என் நண்பர்கள் சிலர், கீழவாசல் அக்காவின் வாணலியைப் பார்த்தால் "ஐயையோ" என்பார்கள். வாணலியில் இருப்பதையா பார்க்கிறார்கள்? அதைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்க்கிறார்கள்.

முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய், கிடைத்ததைத் தின்று பார்ப்பதை ஒரு பித்தாகவே வைத்திருக்கிறேன். "எலி, எறும்பு எல்லாம் சாப்பிடுவீங்களாமே?" என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். ருசி எப்படி இருந்தது என்று கேட்பவர் குறைவு. "அதை யாரு சாப்பிடுவா?" என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

இந்தக் கேள்விக்கான பதிலை நான் முதலில் கேட்டது எங்கள் வீட்டுக் கொல்லையில்.

எங்களுடையது மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கறி, மீன், கருவாடு எல்லாம் புழங்குகிற வீடுதான். ஆனால் நத்தை கிடையாது. நடவு நேரத்தில் வயலில் வேலை செய்பவர்கள் மடியிலும் சட்டியிலும் நத்தை பொறுக்கிக்கொண்டு போவார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. "நாம ஏம்மா அதை வாங்குறதில்ல?" என்று கேட்டேன். அம்மா சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது. "சீ, அது நாம சாப்பிடுறதில்ல. அது அவங்க சாப்பிடுறது."

அந்த வருடமே அப்பாவுக்கு மூலம் முற்றியது. உட்கார முடியாமல் தவித்தார். தஞ்சாவூர் வைத்தியம் பார்த்தும் கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அப்பாயி கொல்லைப் படலைத் திறந்து, தெற்குத் தெருவிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் மெல்லிய குரலில் ஏதோ பேசினார். மறுநாள் ஒரு சட்டி நிறைய நத்தை வந்தது.

சமையல் கொல்லையிலேயே நடந்தது. மூன்று செங்கல் வைத்த அடுப்பு, புதிதாக வாங்கிய மண்சட்டி. நத்தையை இரவு முழுக்க நல்ல தண்ணீரில் போட்டு மண் கக்கவிட்டிருந்தார்கள். காலையில் கொதிநீரில் போட்டதும் மூடி திறந்துகொள்ள, கருவேல முள்ளால் குத்திச் சதையை இழுத்தெடுத்து, குடலைக் கிள்ளி எறிந்து, சாம்பலும் உப்பும் போட்டு வழுவழுப்புப் போகும்வரை தேய்த்தார்கள். மஞ்சள், மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் கொதித்தது. தெரு முழுக்க மிளகு மணம்.

அப்பா ஒரு மண்டலம் சாப்பிட்டார். மூலம் குணமானதா, மற்ற மருந்து வேலை செய்ததா என்றெல்லாம் நான் சாட்சி சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது, மூன்றாம் நாளிலிருந்து நானும் அக்காவும் சட்டியின் அடியில் ஒட்டிய மசாலாவுக்குச் சண்டை போட்டோம் என்பது. ரப்பர் போல இழுபடும், மெல்ல மெல்ல மிளகும் மண்ணுமாக ஒரு சாறு இறங்கும். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். மருந்து என்று சொல்லிவிட்டால் அங்கே சாதி கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும். கொஞ்சம்தான். நத்தை வீட்டு மனிதர்களின் வயிறுவரை வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்த அம்மா அத்தனை நாளும் படலுக்கு அந்தப் பக்கமே நின்றார். மண்டலம் முடிந்த அன்று அப்பாயி அந்த மண்சட்டியைக் குளத்தங்கரையில் போட்டு உடைத்தார்.

இப்போதும் டெல்டா பக்கம் மழைக்காலத்தில் சாலையோரம் கூறு கட்டி நத்தை விற்கிறார்கள். கார்கள் நிற்கின்றன. போன வருடம் ஒருவரிடம் வாங்கும்போது, முன்பு போலக் கிடைக்கிறதா என்று கேட்டேன். "எங்க, எல்லா வயல்லயும் மருந்து அடிச்சுப்புடுறாங்க. மருந்து அடிச்ச வயல்ல நாங்க கை வைக்க மாட்டோம், வாய்க்கால்ல கெடக்குறதுதான்" என்றார். நத்தையைப் பாதி வேக்காட்டில் தின்பது ஆபத்து. மூளையைத் தாக்குகிற ஒரு புழு அதில் இருக்கக்கூடும். ஒரு மணி நேரம் கொதிக்கவிட்ட அப்பாயிக்கு அந்தப் புழுவின் பெயர் தெரியாது, கொதிக்கவிடத் தெரியும்.

நத்தையைப் போல, சுவரொட்டியும் 'மருந்து' என்ற கொல்லை வாசல் வழியாகத்தான் பல வீடுகளுக்குள் நுழைந்தது. ஆட்டின் மண்ணீரலுக்குத்தான் இந்தப் பெயர். சுவரில் அடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வந்த பெயர் என்பார்கள். நான் அடித்துப் பார்த்ததில்லை. பிள்ளை பெற்றவள், ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னவள், இவர்களுக்காகக் கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குவார்கள். தணலில் சுட்டு, உப்பும் மிளகும் தடவித் தந்தால் ஈரலைவிட மென்மையாக, வாயில் கரைகிற மாதிரி இருக்கும். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் கடைக்காரரோடு சிநேகம் வேண்டும்.

ஈசலுக்கு எந்தச் சாக்கும் தேவைப்பட்டதில்லை. முதல் மழை விட்ட இரவில் புற்றிலிருந்து கிளம்பி விளக்கைத் தேடி வரும். விளக்கடியில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துப் பிடித்து, காயவைத்துப் புடைத்தால் இறகு பறந்துவிடும். மண்சட்டியில் வறுத்து, அரிசிப் பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து மடியில் கட்டிக்கொண்டு தின்றபடியே ஆடு மேய்க்கப் போவார்கள். வறுத்த வேர்க்கடலையில் ஒரு சொட்டு நெய் விட்ட ருசி. இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. புறநானூற்றின் 119-வது பாட்டில் பாரியின் பறம்பு நாட்டு வளத்தைச் சொல்லும்போது, புற்றீசலை மோரோடு புளிக்கவைத்த உணவைக் கபிலர் எடுத்துச் சொல்கிறார். வள்ளலின் நாட்டில் அது வளத்தின் அடையாளம். இன்று ஓர் அப்பார்ட்மெண்ட்டில் ஈசல் வந்தால் ஜன்னலைச் சாத்தி ஸ்பிரே அடிக்கிறோம்.

வயல் எலியும் அப்படித்தான். அறுவடை முடிந்த வயலில் இருளர்கள் வளை பார்த்து, பானையில் புகை மூட்டி ஊதிப் பிடிப்பார்கள். எலியோடு, அது சேர்த்துவைத்த நெற்கதிரும் கிடைக்கும். நெல் மட்டுமே தின்று கொழுத்த எலி அது, சாக்கடை எலி அல்ல. சுட்டு, தோல் சுரண்டி, மிளகாய் அரைத்து வறுத்தால் காடைக் கறிக்குப் பக்கத்தில் வரும். பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்துக் கௌரவித்தது நாடு. அதே சமூகத்தின் பிள்ளையைப் பள்ளியில் 'எலி' என்று கூப்பிடுவதையும் நான் காதால் கேட்டிருக்கிறேன்.

சென்னைக்கு வருவோம். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜாரையும் செகண்ட் லைன் பீச் சாலையையும் ஒட்டி, சாயங்காலம் ஆனால் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தடித்த நூடுல்ஸ் குவியல். "அத்தோ ஒண்ணு, மசாலா முட்டை ரெண்டு" என்றால் போதும். ஒரு கிண்ணத்தில் நூடுல்ஸ், மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, பூண்டு காய்ந்த எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், கொத்தமல்லி, கடைசியில் பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரித்த தட்டையை நொறுக்கிப் போடுவார்கள். எல்லாவற்றையும் கையால் பிசைந்து தருவார்கள். இப்போது பல வண்டிகளில் கையுறை வந்துவிட்டது. கரண்டியால் கிளறினால் அந்த ருசி வராது என்று சத்தியம் செய்கிற பழைய வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன். பர்மிய மொழியில் 'அத்தோக்' என்றால் கலந்தது, பிசைந்தது என்றுதான் பொருள்.

மசாலா முட்டை என்பது தனிக் கலை. அவித்த முட்டையைக் கீறி, அதற்குள் பொரித்த வெங்காயமும் பூண்டும் மிளகாய்த்தூளும் திணித்து, இரண்டு சொட்டுப் புளித்தண்ணீர் விட்டுக் கையில் தருவார்கள். ஒரே வாயில் போட வேண்டும். கடித்துக் கடித்துத் தின்கிறவர்கள் சட்டையில் சிந்திக்கொள்வார்கள்.

இந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு பெரும் துயரம் இருக்கிறது. வட்டிக்கடை வைத்த செட்டியார்களிலிருந்து ரங்கூன் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்கியவர்கள் வரை தமிழர்கள் தலைமுறைகளாக பர்மாவில் இருந்தார்கள். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் அரசுடைமை ஆயின. அதே வருடம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கையில் இருந்தது காகிதமாயிற்று. லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறி வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். 1969-ல் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பர்மா பஜார் உருவானது. வியாசர்பாடியிலும் வேறு பல இடங்களிலும் குடியிருப்புகள் வந்தன. இங்கே ஒட்ட முடியாமல் நடந்தே பர்மாவுக்குத் திரும்பப் புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டவர்களும் உண்டு. அங்கே இன்றும் தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரி கோயிலும் இட்லியும் இருக்கின்றன.

வந்தவர்களிடம் இருந்த சொத்து, நாக்கில் இருந்த ருசி. ஆனால் அதை அப்படியே இங்கே விற்க முடியவில்லை என்பதைத் தட்டைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். மொய்ங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மாவில் அது கெளுத்தி மீனை வேகவைத்து, எலுமிச்சைப் புல்லும் வாழைத்தண்டும் போட்டுக் கொதிக்கவிட்ட மீன் சாறு. நம் இட்லி மாதிரி, அந்த நாட்டின் காலைப் பலகாரம். சென்னை வண்டியில் தரும் மொய்ங்காவில் வாழைத்தண்டு இருக்கிறது, மீன் இல்லை. புளிக்கவைத்த மீன் விழுதான ஙப்பி மருந்துக்கும் இல்லை. வாடையை இறக்கிவைத்துவிட்டு வந்தால்தான் நகரம் உள்ளே விடும் போலிருக்கிறது. விட்டது. இன்று கல்லூரிப் பிள்ளைகள் அத்தோவை 'சென்னை ஸ்பெஷல்' என்கிறார்கள். வண்டிக்காரரின் பாட்டி ஐராவதி ஆற்றங்கரையில் தின்ற ஏதோ ஒன்று, ராயபுரத்துப் பையனின் சாயங்கால நொறுக்காகிவிட்டது.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். கேமராவும் மைக்குமாக வந்து, வண்டியை மறித்து நின்று, ஒரு வாய் வைத்ததும் கண்களை அகல விரித்து "வேற லெவல்!" என்று கத்துகிற தம்பிகள் பெருகிவிட்டார்கள். விற்பவர் பாவம், பின்னால் பத்துப் பேர் காத்திருக்க, இரண்டாம் முறையாக முட்டையைக் கீறிக் காட்டிக்கொண்டிருப்பார். "பாம்பு மாதிரி இருக்கு", "இதை எப்படித்தான் சாப்பிடுறாங்களோ" என்று வீரம் காட்டித் தின்னும்போது, அதைத் தினமும் வேலைக்குப் போகும் வழியில் தின்கிறவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது அவர்கள் நினைவில் வருவதில்லை. அவருக்கு அது சாகசம் இல்லை, டிபன்.

தெருவில் தின்னத் தைரியம் வேண்டியதில்லை, கவனம்தான் வேண்டும். கூட்டம் இருக்கிற கடையில் பொருள் தேங்காது. கண்முன்னே கொதிப்பதும் பொரிவதும் அனேகமாக ஏமாற்றாது. சட்னித் தண்ணீரும், நறுக்கி வைத்த பழமும், தட்டுக் கழுவுகிற வாளியும்தான் எதிரிகள். இத்தனை வருடத்தில் சாப்பாட்டால் நான் ஆஸ்பத்திரியில் படுத்தது ஒரே தடவை. அதுவும் ஏசி போட்ட கல்யாண மண்டபத்தில் தின்ற ஐஸ்கிரீமால்.

எறும்பு தின்பதற்கு ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டம் வரை போனேன். நம் மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டுமே முசுறு, அதுதான். வாரச் சந்தையில் சால இலைத் தொன்னைகளில் எறும்பும் முட்டையுமாக அளந்து விற்றார்கள். வாங்கினவர்கள் பேரம் பேசியது கத்திரிக்காய்க்குப் பேசுவது போலத்தான் இருந்தது. உப்பு, பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு சேர்த்து அம்மியில் அரைத்துத் தந்தார்கள். எலுமிச்சைச் சாற்றையும் மாங்காயையும் சேர்த்த மாதிரி ஒரு புளிப்பு, அது எறும்பின் ஃபார்மிக் அமிலம். சளிக்கு நல்லது என்றார்கள். பாருங்கள், இங்கும் மருந்து! இந்தச் சிமிலிபால் காய் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகத்தில் 200 கோடிப் பேர் பூச்சிகளை உணவில் சேர்க்கிறார்கள், 1,900-க்கும் அதிகமான வகைகள் உண்ணப்படுகின்றன என்று ஐ.நா-வின் உணவு, வேளாண் அமைப்பு 2013-ல் அறிக்கை தந்தது. அதற்குப் பிறகு மேல்நாட்டில் புழுவைப் பொடியாக்கிப் புரோட்டீன் பிஸ்கட் செய்து விற்கிறார்கள். சந்தையில் தொன்னை வைத்திருந்த பெண்ணுக்கு அந்த விலையைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

இத்தனையும் தின்றவன் என்ற மிதப்போடுதான் நாகாலாந்தின் கோஹிமாவுக்குப் போனேன். மாவ் மார்க்கெட்டில் கூட்டோடு விற்கிற குளவிப் புழு, முறத்தில் நெளிகிற பட்டுப்புழு, பிளாஸ்டிக் பைக்குள் தண்ணீரோடு தவளை. நத்தையும் இருந்தது. ஓடு நீண்டு கூம்பிய ஆற்று நத்தை. தங்கியிருந்த வீட்டில் அதைப் பன்றிக்கறியோடு சேர்த்துச் சமைத்தார்கள். முள் கிடையாது. ஓட்டின் நுனியை வெட்டிவிட்டு, வாயில் வைத்து 'சர்க்'கென்று உறிஞ்ச வேண்டும். எனக்கு முதல் நாலு நத்தை வரவில்லை, வீட்டுக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஐந்தாவது வந்தது. மிளகு இல்லை, ஆனால் அதே மண். கண்ணை மூடினால் எங்கள் கொல்லை. புளித்த சோயா மொச்சையான அகுனி, கண்ணில் நீர் வரவைத்த ராஜா மிளகாய், பட்டுப்புழு எல்லாவற்றுக்கும் தட்டை நீட்டினேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். பெரியவர் ஒருவர் எனக்காகத் தனியாக எடுத்துவைத்த கிண்ணத்தை நகர்த்தி, அது என்ன என்று சொன்னார். நாய்க்கறி. எல்லா நாகர்களும் அதைச் சாப்பிடுவதில்லை. சாப்பிடுகிறவர்களுக்கு அது உடம்புக்குத் தெம்பு தருகிற, மதிப்பான விருந்தாளிக்குக் கொடுக்கிற கறி. 2020 ஜூலையில் மாநில அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது, 2023 ஜூனில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அதைப் பற்றி டெல்லியில் ஒரு மேடையில், அவர்களுக்கு ஆதரவாக, அரை மணி நேரம் பேசியும் இருக்கிறேன்.

கை கிண்ணத்துக்குப் போகவில்லை. வீட்டில் நாங்கள் வளர்த்த கறுப்பன் ஞாபகத்துக்கு வந்தான் என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டது. பெரியவரிடம் நானறிந்த இந்தியில் மெல்லச் சொன்னேன். வார்த்தைகள் வெளியே வந்த பிறகுதான், அது என் அம்மாவின் வாக்கியம் என்று உறைத்தது. மொழி மாறியும், குரல் மாறாமல்.

"அது நாங்க சாப்பிடுறதில்ல."

பெரியவர் ஏன் என்று கேட்கவில்லை. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சோறு போட்டு, உருளைக்கிழங்கும் கீரையும் வேகவைத்த குழம்பை இரண்டு கரண்டி ஊற்றினார். பேத்தி கொஞ்சம் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து வைத்தாள்.